எட்டு மணிக்கு எந்த வீட்டில் விளக்கு

அட்டையைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும் என்று லாட்ஜ்காரர் சொன்னதை நான் நம்பவில்லை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு ரூம் போட்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. எந்த சுவிட்சைத் தட்டினாலும் எரியவில்லை. அவர் வந்து கதவோரம் இருந்த ஒரு பொந்தில் அட்டையைச் சொருகினார். விளக்கு, காற்றாடி, ஏசி, டிவி எல்லாம் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டன. அட்டையை உருவிக் காட்டினார். எல்லாம் அடங்கிப்போயின.

“மொய் எழுதினாத்தான் பந்தியில எலைன்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு” என்றாள் ஆவுடை மதினி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்துணூண்டு அட்டை ஒரு ரூமையே இருட்டாக்குகிறதே என்று திக்கென்று இருந்தது.

வெளிநாடு போய் வந்தவர்கள் எழுதுகிறதை நான் விரும்பிப் படிப்பேன். அங்கே என்ன தின்றார்கள், எந்த ரயிலைத் தவறவிட்டார்கள் என்றெல்லாம் எழுதுவார்கள். நான் போனது எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம்தான். கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய் ஓரத்தில் எங்கள் ஊர். ஆனால் நான் திகைத்த திகைப்பில் ஒரு குறைச்சலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வருங்காலத்தில் கரண்டு எப்படி எப்படியெல்லாம் இருக்கலாம் என்று ஊர்ச் சனங்களையும் கூட வைத்துப் பேசுகிற மூன்று நாள் கூட்டம் அது. எங்கள் மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேரை அனுப்பச் சொன்னார்கள். மதினி உடனே கிளம்பிவிட்டாள். வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறவள், அண்ணன் தவறிப்போன பிறகு அதுதான் அவளுக்கு வழி. மூன்று நாள் ஓய்வு என்றால் விடுவாளா? நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். என்னைப் பிடித்துத் தள்ளியது, கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்திருந்த என் மகள் சங்கரி.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு சரியில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மிஷின் ஒன்று கட்டிலோரம் நிற்கிறது. பகலில் கொஞ்ச நேரம் அது இல்லாமல் உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்தால் முடியாது. கரண்டு போனால் மிஷின் கூவும். நான் ஓடிப்போய் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்ற வேண்டும். அந்தச் சிலிண்டரும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

“அப்பாவை நான் பாத்துக்கிடுதேன். நீ அங்க போயி ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. எங்க வீட்டுக்கு ராத்திரியில கரண்டை நிறுத்தக் கூடாதுன்னு. அது போதும்” என்றாள் சங்கரி.

ஒரு வார்த்தைதானே என்று நானும் தலையாட்டினேன்.

முதல் நாள் கூட்டம் பாளையங்கோட்டையில் ஒரு ஹாலில். விவசாயிகள், கம்பெனிக்காரர்கள், கடைக்காரர்கள், எங்களைப்போல் குழுப் பெண்கள் என்று பலரும் வந்திருந்தார்கள். நடத்துகிறவர் சென்னையிலிருந்து வந்த அரவிந்த். கூட லீனா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண். வடக்கே எங்கேயோ, குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடும் தேசமாம். அவள் பேசுவதை எஸ்தர் டீச்சர் தமிழில் சொன்னார். டீச்சர் பாளையங்கோட்டைக்காரர், காலேஜில் பாடம் நடத்துகிறவர். மின்சார ஆபீஸிலிருந்து முருகையா என்ற என்ஜினியரும் வந்திருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

அரவிந்த் புது மீட்டர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “இது பேசற மீட்டர் மாதிரிம்மா. நீங்க எப்ப எவ்வளவு எரிக்கிறீங்கன்னு ஆபீஸுக்குத் தானே சொல்லிடும். இன்னொரு வசதி என்னன்னா, கரண்டு பத்தலைன்னா இனிமே தெருவுக்கே மொத்தமா நிறுத்த வேண்டாம். எந்த வீட்டுக்கு நிறுத்தணுமோ அந்த வீட்டுக்கு மட்டும் நிறுத்தலாம். உட்கார்ந்த இடத்துல இருந்தே.”

அதை அவர் ஒரு நல்ல சேதிபோலத்தான் சொன்னார். எனக்கு அப்படிப் படவில்லை. கரண்டு போனால் எங்கள் தெருவில் எல்லாரும் முதலில் செய்கிற காரியம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பது. எதிர்வீட்டிலும் போயிருந்தால் மனசு ஆறிவிடும். போனால் எல்லாருக்கும் போகும், வந்தால் எல்லாருக்கும் வரும். இனிமேல் எதிர்வீட்டில் டிவி ஓடும், எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருக்கும் என்றால், அது என்ன கரண்டு?

“அப்பம் நம்ம வீட்டுல போச்சுன்னா யார்கிட்டப் போயி, உங்களுக்கும் போயிட்டான்னு கேக்க?” என்று மதினி என் காதில் முணுமுணுத்தாள்.

அப்புறம் நான்கு பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு வருங்காலம். ஒன்றில் வீட்டுக்கு வீடு மாடியில் சூரியத் தகடு, உள்ளே பெரிய பேட்டரி. இன்னொன்றில் ஊருக்கு ஊர் தானே கரண்டு எடுத்துத் தனக்குள் பங்கு வைத்துக்கொள்கிறது. மூன்றாவதில் எல்லாம் பெரிய கம்பெனிகள் கையில். நான்காவதில் எதுவுமே மாறவில்லை, ஆட்கள் மட்டும் பெருகிவிட்டார்கள். எது வரும் என்று யாருக்கும் தெரியாது, எது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த விளையாட்டு என்று லீனா சொன்னாள்.

இத்தனை வயதுக்கு வருங்காலம் என்றால் ஒன்றுதான் என்று இருந்தேன். அதையும் கடவுள்தான் பார்த்துக்கொள்கிறார் என்று இருந்தேன். நான்கை வரைந்து சுவரில் ஒட்டுகிறவர்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு மேசை மேசையாக வந்து கேட்டார்கள். ராத்திரி ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் கரண்டு பத்தாது, அப்போது உங்களால் விட்டுக்கொடுக்க முடியுமா என்று. முடியும் என்றால் பச்சைச் சீட்டு. நிறுத்தவே கூடாது என்றால் சிவப்புச் சீட்டு. எங்கள் மேசைக்கு லீனாவும் எஸ்தர் டீச்சரும் வந்தார்கள். லீனா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

சங்கரி சொன்ன வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள், கையில் டீயும் வடையுமாக இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் என் வீட்டுக்காரர் மூச்சுக்குப் படுகிற பாட்டை எப்படிச் சொல்ல?

“எங்களுக்கென்ன, ரெண்டே பேரு. இல்லாட்டாலும் பரவாயில்ல. மத்தவங்களுக்குக் குடுங்க” என்றேன்.

டீச்சர் அதை லீனாவிடம் சொன்னார். லீனா தலையசைத்து எனக்கு முன்னால் பச்சைச் சீட்டை வைத்து, எங்கள் ஊர்ப் பெயரையும் என் பெயரையும் எழுதினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தேன். அவள் மதினியிடம் போய்விட்டாள். மதினியும், “நமக்கு என்னத்துக்கு, இருக்கட்டும்” என்றாள். அவளுக்கும் பச்சை. அப்புறம் அடுத்த மேசை.

இவ்வளவுதானா? ஒரு தடவை கேட்டார்கள், போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் லீனாவையும் அழைத்துக்கொண்டு டவுணுக்குப் போனோம். டவுண் பஸ்ஸில் நிற்க இடமில்லை. கண்டக்டர், “உள்ள போங்க, உள்ள போங்க” என்று எல்லாரையும் அமுக்கினார். “இதுக்கு மேல உள்ள போனா டிரைவர் மடிதான்” என்று யாரோ சொல்ல, டீச்சர் அதை லீனாவுக்குச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் கும்பிட்டுவிட்டு ரத வீதியில் ஒரு அல்வாக் கடையில் நின்றோம். வாழை இலைத் துண்டில் சுடச் சுடக் கொடுத்தார்கள். லீனா தின்று முடித்ததும் கடைக்காரர் இன்னொரு துண்டை எடுத்தார். அவள் போதும் போதும் என்று கையை ஆட்டினாள். அவர் கேட்காமல் இலையில் போட்டுவிட்டார்.

“நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன்?” என்று அவள் டீச்சரிடம் கேட்டாள். கோபம் இல்லை. நிஜமாகவே விளங்கவில்லை.

“வேண்டாம்னா வுட்டுருவமா? வீட்டுக்கு வந்த பிள்ளை” என்றார் கடைக்காரர்.

அதையும் தின்று முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

இரண்டாம் நாள் வேனில் ஊர் சுற்றிக் காட்டினார்கள். முதலில் கங்கைகொண்டான். அங்கே ஒரு கம்பெனிக்குள் போனோம். எங்கள் ஊர் நெல் களத்தைவிடப் பெரிய கூரை, கூரை முழுக்கச் சூரியத் தகடு. உள்ளே வெயிலே தெரியாத குளிர். அங்கிருந்த அதிகாரி, “இங்க ஒரு நிமிஷம் கரண்டு நின்னாக்கூட ஓடிக்கிட்டு இருக்கிற சரக்கு அவ்வளவும் வீண். அதனால எங்களுக்கு எப்பவும் சிவப்புச் சீட்டுதான்” என்று சிரித்தார். கூச்சப்படாமல் சொன்னார். சொல்லத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மணிமுத்தாறு. அணைக்குக் கீழே மர நிழலில் சாப்பாடு பிரித்தோம். சொதியும் இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சாப்பாடு. லாட்ஜில் போட்ட சப்பாத்திக்கு அது எவ்வளவோ தேவலை. தேங்காய்ப் பால் குழம்பை லீனா குடிக்கவே செய்தாள். ஒரு குரங்கு பைய வந்து அரவிந்த் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனது.

“அதுக்கு எந்தச் சீட்டு சார் குடுப்பிய?” என்று மதினி கேட்டாள்.

அங்கேதான் முருகையா அண்ணாச்சி ஒன்று சொன்னார். “நம்ம ஆத்துத் தண்ணி சும்மா வாரதில்ல ஆச்சி. மேல பாபநாசத்துல விழுந்து கரண்டு குடுத்துட்டுத்தான் கீழ வயலுக்கு வருது. சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ஒரே நேரம் விளக்குப் போடுவாங்கல்லா, அந்த நேரம் பாத்துத் திறந்துவிட்டா உடனே கைகொடுக்கும். சூரியன் படுத்துரும், காத்து நின்னுரும். தண்ணி காத்துக்கிட்டு இருக்கும். ஆனா சித்திரையில அதுவும் இருக்காது.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் குளிக்கிற தண்ணீர் அது. வேலை செய்து முடித்துவிட்டுத்தான் எங்கள் படித்துறைக்கு வருகிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. தாமிரபரணியைப் பார்த்து நான் மலைத்தது அன்றைக்குத்தான்.

திரும்பக் கிளம்பும்போது வேன் அசையவில்லை. டிரைவர் பாட்டையும் காற்றாடியையும் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார், பேட்டரி இறங்கிவிட்டது. கரண்டுக் கூட்டத்து வண்டிக்கே கரண்டு இல்லை. அரவிந்த், லீனா, அண்ணாச்சி, விவசாயிகள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கினேன். மதினி இறங்கவில்லை.

“எக்கா, எறங்குங்க, பாரம் கொறையும்” என்றார் டிரைவர்.

“மூணு நாள் ஓய்வுக்கு வந்திருக்கேன் அண்ணாச்சி. வண்டி தள்ளவா வந்தேன்?”

அவளையும் சேர்த்துத்தான் தள்ளினோம்.

அன்றைக்கு ராத்திரி சங்கரி போன் செய்தாள். “சொல்லிட்டியாம்மா?” என்று அவள் கேட்கும்போது பின்னால் மிஷினின் இரைச்சல் கேட்டது. நாளைக்குச் சொல்லுவேன் என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஹாலுக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வீடுகள். காகிதத்தில் வெட்டி, வீட்டுக்கு ஒரு பெயர் எழுதி, நான்கு தாள்களிலும் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் மஞ்சள், திருப்பினால் கறுப்பு. கம்பெனி, ஆஸ்பத்திரி, கடைகள், எங்கள் ஊர்கள் எல்லாம் இருந்தன. மஞ்சளாக இருந்ததால் பார்க்க அழகாக இருந்தது.

அரவிந்த் சொன்னார்: “சித்திரை மாசம். பயங்கரப் புழுக்கம். காத்து இல்லை, அணையில தண்ணி இல்லை. ராத்திரி எட்டு மணி. எல்லாரும் ஃபேன் போட்டிருக்காங்க, ஏசி போட்டிருக்காங்க. இப்போ கரண்டு பத்தலை. யார் விட்டுக்கொடுக்கிறேன்னு சொன்னாங்களோ அவங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்.”

லீனா ஒவ்வொரு வீடாகத் திருப்பினாள். முதலில் எங்கள் பக்கத்து ஊர். அப்புறம் மதினி வீடு. அப்புறம், காந்திமதி என்று என் பெயர் எழுதியிருந்த வீடு. கறுப்பு.

அடுத்த தாள். அங்கும் கறுப்பு. அதற்கடுத்த தாளிலும். நான்கு வருங்காலத்தில் மூன்றில், முதலில் இருட்டுகிற வீடுகளில் எங்கள் வீடு இருந்தது. கங்கைகொண்டான் கம்பெனி மஞ்சளாக இருந்தது. கடைகள் மஞ்சளாக இருந்தன. திரும்பிப் பார்த்தேன். குழுப் பெண்கள் அத்தனை பேர் வீடும் கறுப்பு.

என் கை காலெல்லாம் சில்லிட்டுப்போனது. அந்தச் சின்னக் காகித வீட்டுக்குள்ளே கட்டிலும், கூவுகிற மிஷினும், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கிற என் வீட்டுக்காரரும் எனக்குத் தெரிந்தார்கள். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. நான்தான் பச்சைச் சீட்டு வாங்கினேன்.

எழுந்து நின்றது எனக்கே தெரியாது. “அத மஞ்சளாக்குங்க” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து, “என்ன ஆச்சி?” என்றார்.

“எங்க வீட்டுல ஆக்ஸிஜன் மிஷின் ஓடுது. ராத்திரியில நிறுத்தக் கூடாது.”

டீச்சர் சொன்னதும் லீனாவின் முகம் வெளிறிப்போனது. அவள் கேட்டதை டீச்சர் தமிழில் சொன்னார்: “முதல் நாள் உங்களிடம் கேட்டேனே. பரவாயில்லை என்றீர்களே.”

“அது மொத தடவை கேட்டதுக்குச் சொன்னது. மொத தடவையே வேணும்னு யாராவது சொல்லுவாங்களா? ரெண்டாம் தடவை கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க அடுத்த மேசைக்குப் போயிட்டிய.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் எழுந்தாள். “நானும்தான். எங்க வீட்டுல பச்சைப் பிள்ளை இருக்கு. கேட்ட ஒடனே சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.” இன்னொரு விவசாயி, “ஏன், காப்பி குடிக்கியளான்னு கேட்டாலே வேண்டாம்னுதானவே சொல்லுதோம்” என்றார். அதற்கப்புறம் ஹாலே பேச ஆரம்பித்துவிட்டது. பச்சைச் சீட்டு வாங்கினவர்களில் பாதிக்குமேல் மனசார வாங்கவில்லை.

லீனா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பைய ஏதோ சொன்னாள். “எங்கள் ஊரில் ஒருவர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். இன்னொரு முறை கேட்டால் அவர் சொன்னதை நம்பவில்லை என்று ஆகும், அது அவமரியாதை” என்றார் டீச்சர். இரண்டாம் தடவை கேட்காமல் இருப்பதை மரியாதை என்று வைத்திருக்கிற தேசமும் இருக்கிறது. எனக்கு அதுவும் ஒரு திகைப்புதான்.

“அப்போ அந்த அல்வா?” என்று லீனா கேட்டாள்.

“ரெண்டாவது துண்டு வேணும்னு ஒங்க மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சே” என்றாள் மதினி. லீனா சிரித்தாலும் கண் கலங்கித்தான் இருந்தது.

மறுபடி கேட்டார்கள். இந்தத் தடவை மேசை மேசையாக உட்கார்ந்து, இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டார்கள். சிவப்புச் சீட்டு தீர்ந்துபோய் வேறு காகிதம் வெட்டினார்கள். நானும் வாங்கினேன். மதினியும் வாங்கினாள், கிரைண்டருக்கு.

பிரச்சினை அதற்கப்புறம்தான் வந்தது. அரவிந்த் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். எல்லாரும் உண்மையைச் சொன்னால் எந்த வருங்காலத்திலும் கரண்டு பத்தவில்லை. கம்பெனி கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. கடைக்காரர்கள் போர்டு விளக்கை அணைக்கச் சம்மதித்தார்கள். முருகையா அண்ணாச்சி, “எங்க ஆபீஸ் ஏசியை மொதல்ல நிறுத்துங்க” என்றார். அப்படியும் எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரில் ஒரு வீட்டுக்குக் கரண்டு பத்தவில்லை. ஒருவர் கொடுத்தால்தான் இன்னொருவருக்கு.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் தெரியும், பார்த்தேன்.

மதினி எழுந்துபோய்த் தன் வீட்டைத் தானே கறுப்பாகத் திருப்பினாள். “என் கிரைண்டரை நிறுத்திக்கிடுங்க. அவ வீட்டுக்காரர் மூச்சு விடட்டும்.”

எல்லாரும் கை தட்டினார்கள். லீனா அவளைக் கட்டிக்கொண்டாள். போட்டோ எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்து அனுப்பினார்கள். நான் போன் செய்து சங்கரியிடம், சொல்லிவிட்டேன் என்றேன். “நெசமாவாம்மா?” என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம். மதினி ஜன்னலோரம். பேட்டை தாண்டியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டக்டரை ஒன்றும் சொல்லவில்லை, முன்சீட்டுக்காரர் துண்டு மூஞ்சியில் அடித்ததற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. மதினி பேசாமல் வந்த பஸ் பயணம் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

சுத்தமல்லி தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஊருக்கே எடுத்துச் சொன்னேன், இரண்டாம் தடவை கேட்க வேண்டும் என்று. மதினியிடம் யார் கேட்டார்கள்? கை தட்டினோம், கட்டிக்கொண்டோம், போட்டோ எடுத்தோம். நான்கூடக் கேட்கவில்லை.

“மதினி, கிரைண்டரை நெசமாவே குடுத்துட்டியளா?”

“குடுத்தாச்சுல்லா. அதான் எல்லாரும் கையைத் தட்டினாவளே.”

“அது மொத தடவை சொன்னது. இப்பம் நான் கேக்கேன்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோட்டோரம் வயலில் நாற்றுப் பாவியிருந்தார்கள். பத்தமடை வந்துகொண்டிருந்தது.

“எப்படிட்டி குடுப்பேன்?” என்றாள் மதினி. சத்தமே இல்லை. “ராத்திரி ஆட்டினாத்தான் விடியக்காலம் மாவு பொங்கும். மத்தியானம் ஆட்டினா இந்த வெயிலுக்குப் பொழுது சாயுமுன்ன புளிச்சு நாறிரும். பத்து மணிக்கு மேல ஆட்டினா விடியுமுன்ன பொங்காது. ராத்திரி கரண்டு இல்லன்னா எனக்கு யாவாரமே இல்ல. ஆனா அங்கன அத்தனை பேரு பாக்காவ. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்க. நான் வேற என்னத்தைச் சொல்ல?”

காலையில் என் வீடு கறுப்பானபோது கை காலெல்லாம் சில்லிட்டது என்று எழுதினேன். இது அதைவிட மோசம். அப்போது கறுப்பாக்கியது ஒரு வெள்ளைக்காரப் பெண். இப்போது என் வீட்டு மஞ்சளுக்குப் பதில் இவள் வீடு.

எஸ்தர் டீச்சருக்குப் போன் போட்டேன். நானாக ஒருவருக்குப் போன் செய்வது அதிசயம். “டீச்சர், அந்தத் தாளை அப்படியே வைங்க. எங்க மதினி வீட்டை மாத்தணும்.”

“ஆச்சி, எல்லாத்தையும் சுருட்டியாச்சே. இவங்க சாயங்காலம் ரயிலுக்குப் போறாங்க.”

“விளையாட்டுன்னுதான சொன்னிய?”

“விளையாட்டுதான். ஆனா இதைப் பாத்துத்தான் அறிக்கை எழுதுவாங்க. நாளைக்கு யார் வீட்டை முதல்ல நிறுத்தறதுன்னு யோசிக்கிறவங்க அதைத்தான் படிப்பாங்க.”

“அப்பம் எங்களப் பாக்காமப் போகக் கூடாதுன்னு சொல்லுங்க. நாங்க திரும்பி வாரோம்.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “சரி, வாங்க. பிடிச்சு வைக்கேன்” என்றார்.

மதினி என்னையே பார்த்தாள். “ஏட்டி, நீயா பேசுத?”

பத்தமடையில் இறங்கினோம். “கல்லிடைக்குல்லா டிக்கெட் எடுத்திருக்கிய?” என்றார் கண்டக்டர்.

“கல்லிடை எங்கயும் ஓடிப்போயிராது அண்ணாச்சி” என்றாள் மதினி. அவளுக்குக் குரல் திரும்பியிருந்தது.

ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் நின்றோம். நல்ல வெயில். மதினி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

“போயி என்னட்டி சொல்லுவ?”

“ரெண்டு வீட்டுக்கும் வேணும்னு சொல்லுவேன்.”

“அதான் பத்தலன்னு சொல்லிட்டாவளே. ஒங்க வீட்டுக்காரர் பாடு என்ன ஆகும்?”

“தெரியல மதினி. பத்தலன்னா பத்துறதுக்கு வழி தேடட்டும். நாலு வருங்காலம் வரைஞ்சவங்க இன்னொண்ணு வரையட்டும். நம்ம ரெண்டு பேரையும் முட்டவிட்டுட்டு ரயிலேறக் கூடாது.”

“முடியாதுன்னா?”

“இன்னொரு தடவை கேப்போம்.”

தூரத்தில் திருநெல்வேலி பஸ் வந்தது. நாங்கள் நின்ற இடம் பஸ் நிற்கும் இடம் இல்லை, வந்த வேகமும் நிற்கிற வேகமாகத் தெரியவில்லை. நான் ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினேன்.